பரிசேயன் சொன்னதில் பொய் எங்கே இருக்கிறது?

கேள்வியை முதலில் சுருக்கித் தந்துவிடுகிறேன். கேட்டவர் ஒரு தாலுகா அலுவலகத்தில் வேலை பார்க்கும் கிறிஸ்தவர். பக்கத்து மேசைக்காரர் பட்டா மாறுதலுக்கும் வாரிசுச் சான்றிதழுக்கும் கை நீட்டுகிறவர். இவரோ வேலையில் சேர்ந்த நாளிலிருந்து யாரிடமும் ஒரு ரூபாய் வாங்கியதில்லை. "அவரைப்போல என்னை விட்டுவிடாமல் காத்துக்கொண்டீரே, ஸ்தோத்திரம்" என்று காலையில் ஜெபித்துவிட்டுத்தான் வீட்டை விட்டுக் கிளம்புவாராம். லூக்கா 18-ம் அதிகாரத்தில் இயேசு சொன்ன பரிசேயன், ஆயக்காரன் உவமையைப் பற்றி அவருடைய சபையில் ஒரு பிரசங்கம் நடந்திருக்கிறது. பிரமாணத்தைக் கண்டிப்பாய்க் கைக்கொண்ட யூதப் பிரிவைச் சேர்ந்த பரிசேயன், நான் பறிகாரனும் விபசாரக்காரனும் அல்ல, இந்த ஆயக்காரனைப்போலவும் இல்லை, வாரத்துக்கு இரண்டு தரம் உபவாசிக்கிறேன், தசமபாகம் கொடுக்கிறேன் என்று தேவாலயத்தில் ஸ்தோத்திரம் செலுத்தினான்; வரி வசூலிக்கிற ஆயக்காரன் தூரத்தில் நின்று இரக்கம் மட்டும் கேட்டான்; நீதிமானாக்கப்பட்டவனாய் வீட்டுக்குப் போனவன் ஆயக்காரனே. அன்றிலிருந்து அந்த ஜெபம் தொண்டையிலேயே நின்றுவிடுகிறதாம். கேட்பது மூன்று விஷயம். பரிசேயன் சொன்னதில் எது பொய்? லஞ்சம் வாங்குகிறவனும் வாங்காதவனும் ஒன்றா? அவரைப் பற்றிப் புகார் கொடுத்தால் நான் பிறனை நியாயந்தீர்க்கிறவன் ஆகிவிடுவேனா?

முதல் கேள்விக்குப் பதில் சுலபம், சகோதரரே: எதுவும் பொய்யில்லை. அந்த உவமை இவ்வளவு கூர்மையாக இருப்பதே அதனால்தான். அவன் பறிகாரன் அல்ல, விபசாரக்காரன் அல்ல. கதையைச் சொன்ன இயேசுவும் அதை மறுக்கவில்லை. வாரத்துக்கு இரண்டு உபவாசம் என்கிறான். மோசேயின் நியாயப்பிரமாணம் கட்டாயமாக்கிய உபவாசம் வருஷத்துக்கு ஒன்றுதான், பாவநிவாரண நாளில். பத்தில் ஒரு பங்கு கொடுக்கிற தசமபாகமும் அப்படியே. பிரமாணம் கேட்டது நிலத்தின் விளைச்சலிலும் ஆடுமாட்டிலும். இவன் சம்பாத்தியம் மொத்தத்திலும் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறான். இன்றைக்கு எந்தச் சபையிலும் இப்படி ஒருவர் கிடைத்தால் அடுத்த தேர்தலில் பொருளாளராக்கிவிடுவோம்.

ஞாயிறு பள்ளியிலிருந்தே பரிசேயனை வில்லனாகப் பார்த்துப் பழகிவிட்டதால் இது நமக்கு உறைப்பதில்லை. அந்தக் காலத்து ஜனங்களுக்கு அவன் வில்லன் அல்ல. முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ், பரிசேயர்கள் ஆறாயிரத்துக்கு மேல் இருந்தார்கள் என்றும், பொதுமக்களிடம் அவர்களுக்குப் பெரிய மதிப்பு இருந்தது என்றும் எழுதுகிறார். ஆயக்காரன் எதிர்ப்பக்கம். சுங்கம் வசூலிக்கும் உரிமையைக் குத்தகைக்கு எடுத்து, கட்டிய தொகைக்கு மேல் எவ்வளவு பிடுங்க முடியுமோ அவ்வளவும் தன் லாபம் என்று ஓடிய ஏற்பாடு அது. கப்பர்நகூமில் லேவி உட்கார்ந்திருந்த ஆயத்துறையும், எரிகோவில் சகேயு தலைவனாயிருந்த தொழிலும் அதுதான். உங்கள் அலுவலகத்தில் வைத்துச் சொன்னால், தேவனுக்கு முன்பாக நீதிமானாக்கப்பட்டவனாய் வீட்டுக்குப் போனது பக்கத்து மேசைக்காரர். முதலில் கேட்டவர்களுக்கு எவ்வளவு கசந்திருக்கும் என்று உங்களுக்குத்தான் இப்போது புரியும். ஜெபம் தொண்டையில் நிற்பது நல்ல அறிகுறி என்றே நான் சொல்வேன். உவமை போக வேண்டிய இடத்துக்குப் போயிருக்கிறது.

பரிசேயனை வில்லனாக்கியதில் இன்னொரு விளைவும் உண்டு. "அந்தப் பரிசேயனைப்போல் இராததனால் ஸ்தோத்திரம்" என்று நாம் எழுந்து போவது பிரசங்கிமார் அடிக்கடி சொல்லும் பழைய வேடிக்கை. அதில் சிரிக்க முடியாத பகுதி ஒன்று இருக்கிறது. யூதர் எல்லாரும் மாயக்காரர், நாமோ தாழ்மையுள்ளவர்கள் என்ற வாசிப்பை நூற்றாண்டுக் கணக்கில் வளர்த்து, ஒரு முழு ஜனத்தையே அற்பமாய் எண்ணிய சரித்திரம் சபைக்கு உண்டு. அதன் தொடக்கத்தை மிகப் பழைய கிறிஸ்தவ எழுத்துகளில் ஒன்றான திதாக்கேயிலேயே பார்க்கலாம். மாயக்காரர் திங்களும் வியாழனும் உபவாசிக்கிறார்கள், நீங்கள் அவர்களோடு சேராமல் புதனும் வெள்ளியும் உபவாசியுங்கள் என்று அதில் ஒரு கட்டளை வருகிறது. வாரத்துக்கு இரண்டு என்ற கணக்கு அப்படியே இருக்கிறது, கிழமைதான் மாறியிருக்கிறது. எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் சிரிப்பும் வரும், கொஞ்சம் பயமும் வரும்.

சரி, எதுவும் பொய்யில்லை என்றால் தவறு எங்கே? லூக்காவே உவமைக்கு முன்னால் காரணத்தைச் சொல்லிவிடுகிறார். தங்களை நீதிமான்களென்று நம்பி, மற்றவர்களை அற்பமாயெண்ணின சிலரைக் குறித்து இது சொல்லப்பட்டது. இரண்டும் சேர்ந்தே வருகின்றன, ஒன்று மற்றதைத் தாங்கிப் பிடிக்கிறது. அவன் நின்ற இடம் தேவாலயம், பேசியது தேவனிடம். ஆனால் தன்னை அளக்கத் தேவனை எடுக்கவில்லை, தூரத்தில் நின்ற ஆயக்காரனை எடுத்தான். அந்த அளவுகோலில் யார் அளந்தாலும் தேறிவிடுவார்கள். தங்களைக் கொண்டே தங்களை அளந்துகொள்ளுகிறவர்கள் புத்திமான்கள் அல்ல என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியது இதே வியாதியைப் பற்றித்தான்.

தன்னை ஏமாற்றிக்கொள்வதற்குப் பொய் தேவையே இல்லை. சில உண்மைகளைத் தேர்ந்தெடுத்து அடுக்கினால் போதும். யாரோடு ஒப்பிடுவது என்பதை நாமே தேர்ந்தெடுக்கிறோம். எதில் ஒப்பிடுவது என்பதையும் நாமேதான் தேர்ந்தெடுக்கிறோம். இந்த இரண்டாவது தேர்வுதான் கண்ணில் படுவதே இல்லை.

கை சுத்தமான எழுத்தர் ஒருவரை எனக்குத் தெரியும். ஊரும் அலுவலகமும் வேண்டாம். பணம் என்ற பேச்சையே எடுக்க விடமாட்டார். விதவை உதவித்தொகைக்கு மனு கொண்டுவந்த ஒரு வயதான அம்மாளிடம், ஒரு நகல் குறைகிறது என்று திருப்பி அனுப்பினார். அடுத்த முறை வந்தபோது கையெழுத்து இடம் மாறியிருக்கிறது என்றார். அதற்கடுத்த முறை "நாளைக்கு வா" என்றார், தன் தாயின் வயதுள்ளவரை ஒருமையில். என்னென்ன காகிதம் வேண்டும் என்று முதல் நாளே ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தால் வேலை முடிந்திருக்கும். வாங்குகிறதில்லை என்பதால் யாருக்கும் எதுவும் கடமைப்படவில்லை என்று அவர் மனதுக்குள் ஒரு கணக்கு. கடைசியில் அந்த அம்மாள் பக்கத்து மேசைக்குப் போய்ப் பணம் கொடுத்து வேலையை முடித்துக்கொண்டார். அன்று இரவும் அந்த எழுத்தர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். லஞ்சம் என்ற ஒரே கட்டத்தில் அவருக்கு நூற்றுக்கு நூறு. இரக்கம் என்ற கட்டம் அவருடைய தாளிலேயே கிடையாது. நீங்கள் அப்படிப்பட்டவர் என்று நான் சொல்லவரவில்லை. பக்கத்து மேசையைப் பார்த்தபடியே ஜெபிக்கும்போது உங்கள் மேசைக்கு முன்னால் நிற்கிறவர் கண்ணுக்குத் தெரியாமல் போக வழி உண்டு என்பதற்காகச் சொல்கிறேன்.

மனோதத்துவக்காரர்கள் இதை எண்ணிக்கையாகவே காட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் புற்றுநோய் நிதிக்காக டாஃபடில் பூ விற்கும் நாட்கள் உண்டு. அதை வைத்து நடத்தி 2000-ல் வெளியான ஓர் ஆய்வில், நீங்கள் ஒரு பூவாவது வாங்குவீர்களா என்று மாணவர்களிடம் முன்கூட்டியே கேட்டார்கள். 83 சதவீதம் பேர் வாங்குவோம் என்றார்கள். மற்றவர்களில் 56 சதவீதம் பேர் வாங்குவார்கள் என்று கணித்தார்கள். உண்மையில் வாங்கியவர்கள் 43 சதவீதம். அடுத்தவர்களைப் பற்றிய கணிப்பு கொஞ்சம்தான் தவறியது. பெரிய ஓட்டை விழுந்தது தங்களைப் பற்றிய கணக்கில். 2014-ல் வெளியான இன்னோர் ஆய்வில் தென் இங்கிலாந்துச் சிறை ஒன்றின் கைதிகளிடம் தங்களை மதிப்பிடச் சொன்னார்கள். இரக்கம், நேர்மை, நம்பகத்தன்மை என்று வரிசையாக எல்லாவற்றிலும், வெளியே இருக்கும் சராசரிப் பொதுஜனத்தைவிடத் தாங்கள் மேல் என்று மதிப்பிட்டார்கள். சட்டத்துக்குக் கட்டுப்படுவதில் மட்டும் பெருந்தன்மையாக, சமம் என்றார்கள். சிறைக்குள் இருந்தும் அளவுகோல் கைக்கு வசதியாகவே இருக்கிறது. இருதயம் எல்லாவற்றிலும் திருக்குள்ளது, அதை அறியத்தக்கவன் யார் என்று எரேமியா கேட்டதற்கு இந்தப் பட்டியல்கள் புதிதாக எதையும் சேர்த்துவிடவில்லை.

வேதத்தில் இந்தத் திருக்கை அருகில் வைத்துக் காட்டும் இடம் 2 சாமுவேல் 12. தாவீது ராஜா பத்சேபாளை எடுத்துக்கொண்டு, அவள் புருஷன் உரியாவைப் போர்முனையில் சாகவைத்து, பிள்ளையும் பிறந்துவிட்டது. அத்தனை மாதமும் தாவீது ராஜ்யபாரம் பண்ணிக்கொண்டுதான் இருக்கிறார். அவரிடம் வருகிற வழக்குகளுக்கு நியாயமும் தீர்த்திருப்பார். தீர்க்கதரிசி நாத்தான் வந்து ஒரு கதை சொல்கிறார். மந்தை மந்தையாய் ஆடுமாடு வைத்திருந்த ஐசுவரியவான், விருந்தாளிக்குச் சமைக்க, ஏழை ஒருவன் மகளைப்போல வளர்த்த ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடித்துக்கொண்டான். தாவீதுக்குக் கோபம் மூளுகிறது. அந்த மனுஷன் மரணத்துக்குப் பாத்திரன் என்று கர்த்தருடைய ஜீவனைக்கொண்டு சொல்கிறார். ஆட்டுக்குட்டிக்கு நாலத்தனை திரும்பக் கொடுக்கவேண்டும் என்கிறார்.

அந்தக் கோபத்தைக் கவனியுங்கள். அது நடிப்பு அல்ல. ஆட்டைத் திருடினால் நாலத்தனை என்பது யாத்திராகமத்தில் இருக்கும் சட்டம், தாவீதுக்கு அது நினைவில் இருக்கிறது. மரண தண்டனை அந்தச் சட்டத்தில் இல்லை, அது தாவீது சேர்த்தது. ஆட்டுக்காக ஒருவனைக் கொல்லத் துணியும் அளவுக்கு நீதி உணர்ச்சி பொங்குகிறது, ஆளையே கொன்ற கை தன்னுடையது என்பது மட்டும் உள்ளே வரவில்லை. மனசாட்சி செத்துப்போனதால் இப்படி ஆகவில்லை. மனசாட்சி நன்றாகவே வேலை செய்கிறது, வெளிப்பக்கமாக. வீட்டிலும் சபையிலும் அடுத்தவருடைய ஒரு குறிப்பிட்ட பாவத்தின்மேல் மட்டும் நமக்கு அளவுக்கு மீறிக் கோபம் வருகிற நேரங்களில், எனக்கு இந்த அதிகாரம்தான் ஞாபகம் வரும். தண்டனை குற்றத்தைவிடப் பெரிதாக இருந்தால் மிச்சத் தொகை யாருடைய கணக்கைச் சேர்ந்தது?

இதற்கு நேர் எதிரான ஓர் ஒப்பீடும் வேதத்தில் இருக்கிறது. ஆதியாகமம் 38-ல், மருமகள் தாமார் வேசித்தனத்தினால் கர்ப்பவதியானாள் என்று கேட்டதும் யூதா, அவளை வெளியே கொண்டுவந்து சுட்டெரியுங்கள் என்கிறான். அவள் முத்திரை மோதிரத்தையும் ஆரத்தையும் கோலையும் அனுப்பி, இவை யாருடையவை பாரும் என்கிறாள். எல்லாம் அவனுடையவை. அப்போது அவன் சொன்னது: "என்னிலும் அவள் நீதியுள்ளவள்." ஒப்பிட்டுப் பேசியே தீரவேண்டும் என்றால், சபையில் அதிகம் கேட்கவேண்டிய ஒப்பீடு இது. என் காதில் விழுவது அபூர்வம்.

நம் ஊர்ச் சபைகளின் பட்டியலையும் சொல்லாமல் விட முடியாது. குடி இல்லை, சினிமா இல்லை, சீட்டாட்டம் இல்லை, சில இடங்களில் நகை இல்லை. இவற்றில் பலவற்றை நானும் நல்ல ஒழுங்குகள் என்றே நினைக்கிறேன், குடியால் அழிந்த வீடுகளைப் பார்த்தவர்கள் அதை லேசாகப் பேசமாட்டார்கள். ஆனால் பட்டியலில் எது இருக்கிறது என்பதோடு எது இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். "இரட்சிக்கப்பட்ட, ஜெபிக்கிற" என்று தொடங்கி, அடுத்த வார்த்தையிலேயே சாதியைக் கேட்கும் மணமகள் தேவை விளம்பரத்தைப் பார்த்திராத தமிழ்க் கிறிஸ்தவர் யார்? இது புதிதும் அல்ல. 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைகளில் சாதிப் பாகுபாடு உடனே, அறுதியாக ஒழிய வேண்டும் என்று கடிதம் அனுப்பியபோது, வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். ஒன்றாக உட்காருவதும் ஒரே பந்தியில் நற்கருணை வாங்குவதும்தான் அவர்களுக்குத் தாளவில்லை. வெளியேறியவர்கள் பெரும்பாலும் ஒழுக்கமானவர்களாகவே தங்களை அறிந்திருப்பார்கள். பட்டியலை எழுதியது யார் என்று யாரும் கேட்கவில்லையே.

இன்னும் நுட்பமாக இது நடக்கும் இடம் வீட்டு ஜெபக்கூட்டம். பாட்டு முடிந்து, டீ வருவதற்கு முன்னால் ஒருவர் குரலைத் தாழ்த்தி, "அந்த வீட்டுக்காக ரொம்ப பாரத்தோட ஜெபிச்சுக்கணும், பெரிய மகள் விஷயம் உங்களுக்கெல்லாம் தெரியும்ல?" என்பார். தெரியாது. அடுத்த ஐந்து நிமிஷத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். பிறகு கண்களை மூடி ஜெபமும் நடக்கும். அந்த ஜெபத்தில் உண்மையான இரக்கமும் இருக்கலாம், நம் பிள்ளைகள் அப்படிப் போகவில்லை என்ற ருசியும் இருக்கலாம். எது எவ்வளவு என்று பிரித்தெடுக்க நம்மால் ஆகாது. அதற்காகத்தான் பவுல், என்னிடத்தில் ஒரு குற்றத்தையும் நான் அறியேன், ஆகிலும் அதினாலே நான் நீதிமானாகிறதில்லை என்று எழுதினார். தன் மனசாட்சி சுத்தம் என்று சொல்லும் மனசாட்சியையும் அவர் கடைசி நீதிபதியாக வைக்கவில்லை.

இரண்டாவது கேள்வி: அப்படியானால் லஞ்சம் வாங்குகிறவரும் நீங்களும் ஒன்றா? இல்லை. "எல்லாரும் பாவிகள்தானே" என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டுவது தாழ்மையும் அல்ல, சுவிசேஷமும் அல்ல. ஏழையிடம் பிடுங்குவதும் பிடுங்காததும் ஏழைக்கு ஒன்றாக இருக்காது. தம்மை ஒப்புக்கொடுத்தவனுக்கு அதிக பாவம் உண்டு என்று பிலாத்துவிடம் சொன்ன இயேசு, பாவங்களுக்குள் வித்தியாசம் வைக்கிறார். யோவான்ஸ்நானன் ஆயக்காரரிடம், உங்களுக்குக் கட்டளையிட்டதற்கு அதிகமாய் ஒன்றும் வாங்காதிருங்கள் என்று தெளிவாகவே சொன்னார். சகேயுவும் அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திருப்பினான். ஆயக்காரன் நீதிமானாக்கப்பட்டது அவன் தொழில் சரி என்பதால் அல்ல, மார்பில் அடித்துக்கொண்டு இரக்கம் கேட்டதால்.

ஒப்பிடுவதே பாவம் என்றும் நான் சொல்லமாட்டேன். பவுலே மற்ற அப்போஸ்தலரோடு தன்னை ஒப்பிட்டு, "அவர்களெல்லாரிலும் நான் அதிகமாய்ப் பிரயாசப்பட்டேன்" என்று எழுதியிருக்கிறார் (1 கொரிந்தியர் 15:10). பரிசேயன் பேச்சைப்போலவே காதில் விழுகிறதே? ஆனால் முந்தின வசனத்தில், சபையைத் துன்பப்படுத்தினதினாலே அப்போஸ்தலன் என்று பேர்பெறவும் நான் பாத்திரன் அல்ல என்று சொல்லிவிட்டுத்தான் இதைச் சொல்கிறார். சொன்ன கையோடு, நான் அல்ல, தேவகிருபையே என்று முடிக்கிறார். பேதுருவை அற்பமாக்கவோ யாக்கோபைத் தட்டிவைக்கவோ அந்த வாக்கியம் பயன்படவில்லை. பரிசேயனும் ஸ்தோத்திரத்தில்தான் தொடங்கினான். ஆனால் அவன் ஸ்தோத்திரத்துக்கு, பக்கத்தில் விழுந்துகிடக்கும் ஒருவன் தேவைப்பட்டான்.

உங்களுக்குக் கிடைத்ததையும் எண்ணிப் பாருங்கள். கடன் இல்லாத வீட்டில் வளர்ந்தீர்களா? அப்பா காலத்திலிருந்தே நேர்மை வீட்டு வழக்கமா? சம்பளத்துக்குள் குடும்பம் நடத்தும் மனைவி வாய்த்திருக்கிறாரா? பக்கத்து மேசைக்காரருக்கு வேலை எப்படிக் கிடைத்தது, அதற்கு எவ்வளவு கடன் வாங்கினார் என்று நமக்குத் தெரியாது. இவை அவர் வாங்குவதை நியாயப்படுத்தாது. நீ பெற்றுக்கொள்ளாதது யாது என்று பவுல் கேட்கும்போது நம் கையில் என்ன மிஞ்சுகிறது என்பதைத்தான் காட்டும். அதிகம் கொடுக்கப்பட்டவனிடத்தில் அதிகம் கேட்கப்படும் என்ற வசனத்தையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், ஒப்பீடு உங்களுக்கே பாதகமாகக்கூடத் திரும்பலாம்.

ஒப்பீட்டிலிருந்து வெளியே வந்த ஒருவரை வேதம் காட்டுகிறது. கடைசிப் பந்திக்குப் பின், எல்லாரும் இடறலடைந்தாலும் நான் ஒருக்காலும் இடறலடையேன் என்று பேதுரு சொன்னார். பொய் சொல்லவில்லை, அப்படியே நம்பினார். சேவல் கூவுவதற்குள் இயேசுவைத் தெரியாதென்று மூன்று தரம் மறுதலித்தார். பின்பு கடற்கரையில் காலைச் சாப்பாடு முடிந்ததும் உயிர்த்தெழுந்த இயேசு கேட்ட முதல் கேள்வியில் அந்தப் பழைய ஒப்பீடு அப்படியே இருக்கிறது: "இவர்களிலும் அதிகமாய் நீ என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா?" பேதுருவின் பதிலில் "இவர்களிலும்" இல்லை. உம்மை நேசிக்கிறேன் என்பதை நீர் அறிவீர், அவ்வளவுதான். அந்த ஒரு இரவு அவருக்கு அவ்வளவு கற்றுக்கொடுத்திருக்கிறது. அதன் பிறகும் சில வசனங்கள் தாண்டுவதற்குள் அவர் திரும்பி யோவானைப் பார்த்து, "ஆண்டவரே, இவன் காரியம் என்ன?" என்கிறார். "உனக்கென்ன, நீ என்னைப் பின்பற்றிவா" என்று பதில் வருகிறது. பேதுருவுக்கே அப்படியென்றால் நமக்கு இது ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தீருகிற காரியம் அல்ல.

எகிப்தின் பாலைவனத் துறவிகளும் இதோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டினார்கள். அவர்களிடம் பாடம் கற்ற யோவான் காசியன் வீண்பெருமையை வெங்காயத்தோடு ஒப்பிட்டார். ஒரு தோலை உரித்தால் அடியில் இன்னொரு தோல். பெருமையை விட்டுவிட்டேன் என்பதிலும் ஒரு பெருமை வந்து உட்கார்ந்துகொள்ளும். அதே பாலைவனத்தில் 4-ம் நூற்றாண்டில் ஸ்கேத்தே என்ற இடத்தில் மோசே என்றொரு பெரியவர் இருந்தார், ஒரு காலத்தில் கொள்ளைக்காரர். தவறு செய்த சகோதரன் ஒருவனை விசாரிக்கக் கூட்டம் கூட்டி அவரையும் அழைத்தார்கள். வரமறுத்தார், பிறகு ஆள் அனுப்பினதும் வந்தார், ஓட்டைப் பாத்திரம் ஒன்றில் தண்ணீரை நிரப்பிச் சுமந்தபடி. இது என்ன ஐயா என்று கேட்டார்கள். என் பாவங்கள் எனக்குப் பின்னால் ஒழுகிக்கொண்டே வருகின்றன, எனக்குத் தெரிவதில்லை, இன்றைக்கு இன்னொருவனுக்குத் தீர்ப்புச் சொல்ல வந்திருக்கிறேன் என்றார். கூட்டம் அந்தச் சகோதரனை மன்னித்துவிட்டது.

உங்கள் காலை ஜெபத்துக்கு வருகிறேன். ஸ்தோத்திரத்தை நிறுத்த வேண்டாம். "அவரைப்போல" என்ற பாதியை மட்டும் எடுத்துவிட்டு, மிச்சமிருப்பதை ஜெபித்துப் பாருங்கள். இன்று லஞ்சம் வாங்காமல் காத்துக்கொள்ளும், வருகிறவர்களிடம் எரிந்து விழாமல் காத்துக்கொள்ளும் என்று கேளுங்கள். முதல் சில நாள் சப்பென்று இருக்கும். அதுவரை சுவை எங்கிருந்து வந்தது என்பது அப்போது தெரியவரும். அவரவர் தன் சுயகிரியையைச் சோதித்துப் பார்க்கட்டும், மற்றவனைப் பார்த்தல்ல, தன்னையே பார்த்து மேன்மைபாராட்ட இடமுண்டாகும் என்று கலாத்தியர் 6-ல் சொல்லியிருப்பது இதைத்தான். பிறகு அவர் பெயரைச் சொல்லி அவருக்காக ஜெபியுங்கள், அவருடைய லஞ்சத்தைப் பற்றியல்ல, அவருடைய வீட்டைப் பற்றி, பிள்ளைகள் படிப்பைப் பற்றி.

ஒரு சோதனை கேள்வியையும் உங்களிடம் விட்டுவைக்கிறேன். நாளைக்கே லஞ்ச ஒழிப்புத் துறையினர் பொடி தடவிய நோட்டுகளோடு ஆளை அனுப்பி, அவர் கையைக் கரைசலில் முக்கச் சொல்லி, தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறுகிறது என்று வையுங்கள். அலுவலகமே எட்டிப் பார்க்கிறது. அந்த நொடியில் உங்களுக்குள் முதலில் எழுவது என்ன? இன்னும் கஷ்டமானது அடுத்தது. அவர் பிடிபடவே இல்லை, தானாக மனந்திரும்பி, வாங்கினதைத் திருப்பிக்கொடுத்து, உங்கள் சபையிலேயே வந்து உட்காருகிறார், எல்லாரும் அவரைக் கட்டிப்பிடிக்கிறார்கள். அப்போது? கெட்ட குமாரன் கதையில், சொத்தை அழித்துவிட்டுத் திரும்பி வந்த தம்பிக்குத் தகப்பன் விருந்து வைத்ததைப் பொறுக்காமல் மூத்தவன் வீட்டுக்கு வெளியே நின்றது அந்த இடத்தில்தான். ஒருக்காலும் உம்முடைய கட்டளையை மீறவில்லை என்று அவன் சொன்னதையும் தகப்பன் மறுக்கவில்லை.

மூன்றாவது கேள்வி, புகார். நியாயந்தீர்க்காதிருங்கள் என்ற வசனத்தைக் காட்டி வாயை மூடிக்கொள்ளச் சொல்கிறவர்கள், அதே பகுதியில் உன் கண்ணிலிருக்கிற உத்திரத்தை எடுத்தபின் சகோதரன் கண்ணிலிருக்கிற துரும்பை எடுக்க வகைபார்ப்பாய் என்று இருப்பதை விட்டுவிடுகிறார்கள். துரும்பும் எடுக்கப்பட வேண்டியதுதான். லேவியராகமம் 19:17 ஒரே மூச்சில் இரண்டையும் சொல்கிறது: சகோதரனை உள்ளத்தில் பகைக்காதே, அவனைக் கண்டிப்பாய்க் கடிந்துகொள். நாம் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். வாயால் ஒன்றும் சொல்வதில்லை, உள்ளத்தில் பகைத்துக்கொண்டே இருக்கிறோம்.

இங்கேதான் உங்களிடம் கொஞ்சம் கடுமையாகக் கேட்கவேண்டியிருக்கிறது. இத்தனை காலம் தினமும் அவரைக் குறிப்பிட்டு ஸ்தோத்திரம் செலுத்தியிருக்கிறீர்கள். அவரிடம் ஒரு தடவையாவது பேசியிருக்கிறீர்களா? அவர் மேசைக்குப் போகும் ஜனத்திடம், இந்தச் சான்றிதழுக்குக் கட்டணம் இவ்வளவுதான், ரசீது கேளுங்கள் என்று சொல்லியிருக்கிறீர்களா? ஒப்பீட்டில் வாழ்கிறவனுக்கு அடுத்தவன் திருந்துவதில் லாபமில்லை. அவர் நாளைக்கே நேர்மையாகிவிட்டால் உங்கள் ஜெபத்தில் பாதி காலியாகிவிடும். அப்படி ஒரு தேவை உள்ளே ஒளிந்திருந்தால், புகார் கொடுக்காமல் இருப்பதும் பெருமையாக இருக்கலாம், கொடுப்பதும் பெருமையாக இருக்கலாம்.

ஆகவே முதலில் தனியாகப் பேசுங்கள். குற்றம் செய்த சகோதரனிடம் தனித்திருக்கையில் போய்ச் சொல் என்ற மத்தேயு 18-ன் ஒழுங்கு சபைக்குள் இருப்பவர்களுக்கானது, அவர் உங்கள் சபையில் இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் அந்த முறையில் இருக்கும் மரியாதை அவருக்கும் உரியது. அலுவலகத்தில் வேண்டாம், வெளியே டீக்கடையில், யாரும் இல்லாத நேரத்தில். "சார், இதை நிறுத்திருங்க, எனக்குப் பார்த்துட்டுச் சும்மா இருக்க முடியல" என்பதோடு முடித்துக்கொள்ளலாம், வசனம் தேவையில்லை. அவர் கேட்காவிட்டால், பாதிக்கப்படுகிறவர்களை நினைத்து முறைப்படி புகார் கொடுங்கள். கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள். கேள்விப்பட்டது, யூகித்தது, அவருடைய வீட்டு விஷயம், எதுவும் அதில் வரக்கூடாது. அந்தக் கடிதத்தை எழுதி ஓர் இரவு வைத்திருந்து மறுநாள் வாசியுங்கள், தாவீது சேர்த்ததுபோல் நீங்கள் எதையாவது கூட்டியிருந்தால் கண்ணில் படும். புகார் கொடுத்த கதையைச் சபையில் சாட்சியாகச் சொல்ல வேண்டாம் என்பதும் என் யோசனை. அவருடைய மனைவியும் பிள்ளைகளும் அதே ஊரில்தான் கடைக்கும் பள்ளிக்கும் போய்வர வேண்டியிருக்கும்.